எலும்பு கூடிவிட்டது, தோல்தான் கூடவில்லை

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் இருக்கிறது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம். போன வருடம் பிப்ரவரி முதல் வாரம், பறிப்புக்கு ஆள் வராத ஒரு நாளில் நானே ஏணியில் ஏறினேன். பத்தடி உயரம் இருக்கும். ஏணியின் அடி நழுவ, நின்ற வாக்கிலேயே கீழே வந்தேன். இடது குதிங்கால் பாறையில் இறங்கியது.

விழுந்த கதை அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லோரும் என்னிடம் எலும்பைப் பற்றித்தான் விசாரித்தார்கள். நானும் எலும்பைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். ஆனால் என்னை நான்கு மாதம் படுக்க வைத்தது எலும்பு இல்லை, அதன் மேலிருக்கும் தோல். குதிகால் எலும்பு உடைந்து ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஜீப்பில் இறங்கி சேலம் வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய் வந்தது. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். உயரத்திலிருந்து குதிங்காலில் விழுந்தவர்களுக்கு முதுகெலும்பும் உடைந்திருக்கலாம் என்று இடுப்புக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். அது நன்றாக இருந்தது. குதிகால் எலும்பு உள்ளே பஞ்சு மாதிரி, வெளியே மெல்லிய ஓடு மாதிரியாம். மேலே இருக்கும் எலும்பு ஆப்பு போல இறங்கி அதைப் பிளந்திருந்தது. மூட்டுப் பகுதி மூன்று துண்டு.

அப்பா புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்றார். மூட்டின் மேற்பரப்பே உடைந்து உள்ளே இறங்கியிருக்கிறது, அதைத் தூக்கி வைத்துத் தகடு போட வேண்டும் என்று டாக்டர் படத்தைக் காட்டி விளக்கியதும் ஒத்துக்கொண்டார்.

உடனே ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்று நினைத்தோம். செய்யவில்லை. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, கணுக்காலைச் சுற்றிக் கொப்புளம் போட்டிருந்தது. ஒன்றில் தெளிந்த நீர், இன்னொன்றில் ரத்தம். தலையணைகளை அடுக்கிக் காலை நெஞ்சு உயரத்துக்கு மேலே வைத்துப் படுக்கச் சொன்னார்கள். பத்து நாள் போனதும் என் தம்பி பொறுமை இழந்து, வேறு இடம் பார்க்கலாமா என்று கேட்டான். டாக்டர் கோபப்படவில்லை. காலின் வெளிப்பக்கத் தோலைக் காட்டி, “இங்க சுருக்கம் விழணும் தம்பி. பளபளன்னு இருக்கிற தோல்ல கத்தி வெச்சா தையல் நிக்காது” என்றார். பன்னிரண்டாம் நாள் சுருக்கம் விழுந்தது, அன்றுதான் தேதி கொடுத்தார்.

அப்போதே ஒரு கேள்வி கேட்டார்: பீடி, சிகரெட் உண்டா? இருபது வருடமாக ஒரு நாளைக்குப் பத்து சிகரெட். விட்டுவிட்டேன் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் இருந்தவரை விட்டிருந்தது உண்மை. வீட்டுக்குப் போனதும் திண்ணையில் உட்கார்ந்து தினம் மூன்று நான்கு பிடித்தேன். இதை எழுதும்போதும் மனசு உறுத்துகிறது.

கணுக்காலுக்குப் பின்னால் மேலிருந்து கீழே இறங்கி, பாதத்தின் ஓரமாக முன்னால் திரும்பும் வெட்டு, ஆங்கில எழுத்து ‘எல்’ வடிவத்தில். தகடும் திருகாணிகளும் வைத்துத் தைத்தார்கள். ஐந்தாம் நாள் மலைக்குத் திரும்பிவிட்டோம். அது என் இரண்டாவது தவறு. எங்கள் வீட்டுக் கழிப்பறை வெளியே, நான்கு படி இறங்க வேண்டும். வாக்கரோடு இறங்கி ஏறினால் போதும், காலில் ரத்தம் இறங்கி ஊதா நிறமாகிவிடும். பகலில் வந்து பார்க்கிறவர்களோடு பேசிக்கொண்டு காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினாலாம் நாள் கட்டுப் பிரித்தபோது, வெட்டு திரும்பும் அந்த மூலை மட்டும் கறுத்திருந்தது. ஒரு ரூபாய் நாணயம் அளவு. மீதித் தையலெல்லாம் அழகாக இருந்தது. அந்த மூலைக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். கணுக்காலுக்குப் பின்னால் வரும் ஒரு சின்ன ரத்தக் குழாயை நம்பித்தான் அந்தத் தோல் மடிப்பே இருக்கிறது, மூலை அதற்குக் கடைசி ஊர் மாதிரி, வரத்து குறைந்தால் முதலில் காய்வது அதுதான் என்றார். வாய்க்கால் பாசனம் தெரிந்தவனுக்கு அது உடனே புரிந்தது. அடுத்து என் முகத்தைப் பார்த்து, “இன்னும் பிடிக்கிறீங்களா?” என்றார். அன்று உண்மையைச் சொன்னேன். புகை உள்ளே போனால் அந்தச் சின்னக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும் என்றார். அன்றோடு விட்டேன். இன்றுவரை தொடவில்லை.

அவர் பயமுறுத்தவும் இல்லை. கறுப்பு காய்ந்து இருக்கும்வரை பார்த்துக்கொள்ளலாம், ஈரமானால் அன்றே வாருங்கள் என்று மட்டும் சொன்னார். தையலை மூன்றாவது வாரம்தான் எடுத்தார்.

மார்ச் கடைசியில் ஈரமானது. கட்டின் மேல் மஞ்சளாக ஒரு வட்டம். அன்றே வாருங்கள் என்று சொன்னது காதில் இருந்தும், சேலம் வரை இறங்க அலுப்புப்பட்டு, பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். அங்கே கட்டைப் பிரிக்காமலேயே மாத்திரை எழுதினார்கள். ஐந்து நாள் கழித்துப் போனபோது வேறு மாத்திரை. பத்து நாள் இப்படிப் போய்விட்டது. அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. புண்ணைப் பார்க்காமல் புண்ணுக்கு எப்படி மருந்து கொடுக்க முடியும்? நானாவது பிரித்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

வாடை வந்ததும் மனைவி, “ஏங்க, இதுக்கு மேல ஒரு நாள்கூட இங்க இருக்க வேண்டாம்” என்று வண்டிக்குச் சொல்லிவிட்டாள். மறுபடி ஆபரேஷன் தியேட்டர். செத்த தோலையும் சதையையும் வெட்டி எடுத்து, ஆழத்திலிருந்து ஒரு துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்கிற பாக்டீரியா என்று வந்தது. நான் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரை எதுவும் அதற்குக் கேட்காது என்றும் வந்தது. முதலில் ஊசி, பிறகு மாத்திரை, மொத்தம் ஆறு வாரம்.

கட்டு மாற்றும்போது குனிந்து பார்த்தேன். புண்ணின் அடியில் தகட்டின் ஓரம் வெள்ளையாக மின்னியது. தகட்டை எடுத்துவிடுங்கள் என்று அழாக்குறையாகக் கேட்டேன். எலும்பு இன்னும் முழுதாகக் கூடவில்லை, தகடு ஆடாமல் இருக்கிறது, இப்போது எடுத்தால் தூக்கி வைத்த மூட்டு மறுபடி உட்கார்ந்துவிடும், கூடும்வரை காப்பாற்றிவிட்டுப் பிறகு எடுக்கலாம் என்றார்.

பிறகு வேக் (VAC) வைத்தார்கள், புண்ணிலிருந்து கசிவை உறிஞ்சி எடுக்கும் கருவி. புண்ணின் அளவுக்கு வெட்டிய கறுப்பு ஸ்பாஞ்சை உள்ளே வைத்து, மேலே ஒட்டும் பிளாஸ்டிக் தாள், அதிலிருந்து ஒரு குழாய் பெட்டிக்கு. பெட்டியில் 125 என்று எண் தெரியும், அது உறிஞ்சும் அழுத்தத்தின் அளவு. இரவும் பகலும் மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தாள் எங்காவது விட்டுவிட்டால் கூவும், உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினார்கள். ஸ்பாஞ்சை உரிக்கும் வலி பெரிய வலி. முன்னாலேயே வலி மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உப்பு நீரில் நனைத்து ஊறவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது முறை பிரித்தபோது தகடு தெரியவில்லை. அதை மூடிக்கொண்டு மாதுளை முத்து மாதிரி சிவப்புச் சதை வளர்ந்திருந்தது. “அண்ணா, இதுதான் நாங்க எதிர்பார்த்த நிறம்” என்றார் சிஸ்டர். அப்படி வளராமல் போயிருந்தால் கெண்டைக்காலிலிருந்து தோலும் சதையும் திருப்பி வைக்கும் பெரிய ஆபரேஷன் என்று பிளாஸ்டிக் சர்ஜன் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

இந்த முறை மலைக்குப் போகவில்லை. அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டில் தங்கினோம். கட்டிலின் கால்மாட்டில் இரண்டிரண்டு செங்கல் கொடுத்து உயர்த்தினார் மாமா. சேலம் வெயிலில் கட்டு வியர்வையில் நனையாமல் பார்ப்பதே பெரும்பாடு. மே மாதம் மேலே கோடை விழாக் கூட்டம், எப்படியும் ஏறியிருக்க முடியாது.

சாப்பாட்டில் ஒரு சண்டை. முட்டை தின்றால் சீழ் பிடிக்கும், பருப்பு ஆகாது என்று வருகிறவர்களெல்லாம் சொன்னார்கள். ரசம் சோறுதான் ஒரு மாதம் சாப்பிட்டிருந்தேன், எடை ஆறு கிலோ குறைந்திருந்தது. புண்ணுக்குச் சதை எதிலிருந்து வளரும் என்று டாக்டர் அக்காவிடமே கேட்டார். அதற்குப் பிறகு தினம் மூன்று முட்டை, பயறு, மீன். மஞ்சள்தூளைப் புண்ணில் வைக்க அத்தை கொண்டுவந்தபோது கையைப் பிடித்துத் தடுத்தது என் மகள்தான்.

அவள் செய்த இன்னொரு காரியம் பெரிய உதவி. ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, ஒரே கோணத்தில் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்தாள். புண் சுருங்குகிறதா என்று நாம் தினம் பார்க்கும்போது தெரியாது. டாக்டர் அந்தப் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்துத்தான் ஒவ்வொரு முடிவும் எடுத்தார்.

மே கடைசியில் வாக்கரோடு கால் ஊன்றினேன். ஜூன் இரண்டாம் வாரம் புண் மூடியது. டிசம்பரில் அதே மூலையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து நீர் கசிந்தது. அன்றே போனேன். ஸ்கேனில் எலும்பு கூடியிருந்ததால் ஜனவரியில் தகட்டை எடுத்துவிட்டார்கள். அதோடு கசிவு நின்றது.

இப்போது மறுபடி பிப்ரவரி. சமதளத்தில் நன்றாக நடக்கிறேன். பாதம் பக்கவாட்டில் திரும்புவதில்லை, அதனால் தோட்டத்துச் சரிவில் தடி வேண்டும். மிளகு பறிக்க நாகலூரிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். ஏணியின் அடியைக் கயிறு போட்டு மரத்தோடு கட்டிவிட்டு, நான் கீழே நின்று பிடித்துக்கொள்கிறேன்.