இரண்டரை ஆட்டம் பின்னால்: ரிக்லி ஃபீல்டில் ஒரு குளிர் மதியம்

ஒரு ராத்திரி தூங்கி எழுந்தும் தொண்டைக்கட்டு விடவில்லை. கத்தியதாலா, குளிராலா என்றால் ரெண்டும்தான். நேற்று, ஏப்ரல் 1, 2024, திங்கட்கிழமை மதியம் 1:20-க்கு சிகாகோ ரிக்லி ஃபீல்டில் கப்ஸ் அணி இந்த சீசனில் சொந்த மைதானத்தில் ஆடிய முதல் பேஸ்பால் ஆட்டம். எதிரே கொலராடோ ராக்கீஸ். 5-0 என்று கப்ஸ் ஜெயித்தது. நான் அங்கே இருந்தேன்!

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், எங்கே உட்காருவது என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலில் அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் தம்பி வீட்டு சோபாவில் உட்கார்ந்து சென்னை - டெல்லி ஐபிஎல் ஆட்டம் பார்த்தோம். இங்கே காலை 9 மணிக்கு அங்கே ராத்திரி ஆட்டம். தோனி 16 பந்தில் 37 அடித்தும் 20 ரன்னில் தோற்றோம். அந்தக் கடுப்போடு சாயங்காலம் 4 மணி பஸ்ஸுக்குக் கிளம்பினால், பஸ் வந்தது 5:50-க்கு. நிழற்குடை கிடையாது, நடைபாதை ஓரம்தான் நிறுத்தம். மார்ச் கடைசி என்றாலும் விஸ்கான்சின் குளிர் விஸ்கான்சின் குளிர்தான். ஏறிய பிறகாவது கதகதப்பாக இருக்கும் என்று நினைத்தேன். ஹீட்டர் வேலை செய்யவில்லை. முன் சீட்டில் ஒரு அம்மா தன் கோட்டைக் கழற்றிக் குழந்தைக்குச் சுற்றிவிட்டு, தான் வெறும் ஸ்வெட்டரோடு மூணு மணி நேரத்துக்கும் மேல் நடுங்கிக்கொண்டே வந்தார். டிரைவரிடம் கேட்டால், "எனக்கே வண்டியைக் கொடுக்கும்போது சொல்லலை" என்றார். அவர்மேல் தப்பில்லை. 29 டாலர், நம் காசுக்கு 2,400 ரூபாய். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, அடுத்த பயணத்தில் 5 டாலர் கழிவு என்று இயந்திரம் பதில் அனுப்பியது. அடுத்த பயணமா? அந்தக் கம்பெனியின் பஸ்ஸில் இனி நான் ஏறமாட்டேன்.

டிக்கெட் விஷயமும் எரிச்சல்தான். மறுவிற்பனைத் தளம் ஒன்றில் 62 டாலர் என்று போட்டிருந்தது. சீட்டைத் தேர்ந்தெடுத்து, பெயர், கார்டு எண் எல்லாம் அடித்து முடித்த பிறகு கடைசித் திரையில் 84 டாலர். சேவைக் கட்டணமாம். 7,000 ரூபாய்! மேடிசனில் ரெண்டு வாரத்துக்கு மளிகை வாங்கலாம். சீசனின் முதல் சொந்த மைதான ஆட்டத்துக்குப் போகவேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், விலை ஏறித்தான் இருக்கும். அதே பகுதியில் மறுநாள் ஆட்டத்துக்கு 19 டாலரில் சீட் கிடக்கிறது. ஏப்ரலில் வாரநாளாகப் பார்த்து வாங்குங்கள்.

மைதானத்துக்குப் போவது சுலபம். ரயிலில் ரெட் லைன், அடிசன் ஸ்டேஷன். இந்த 2024-ல் ஒரு தடவைக்கு 2.50 டாலர், நாள் முழுக்கச் சுற்ற 5 டாலர் பாஸ். இறங்கினால் எதிரிலேயே மைதானம். கார் எடுத்துப் போகிறவர்கள் பார்க்கிங்குக்கு அழும் காசில் ரெண்டு வேளை சாப்பிடலாம்.

ரிக்லி ஃபீல்ட் ஊருக்கு வெளியே பொட்டலில் கட்டிய ஸ்டேடியம் இல்லை. குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவே இருக்கிறது. எதிர்வீட்டு மொட்டை மாடிகளில் பெஞ்சு போட்டு டிக்கெட் விற்கிறார்கள். 1914-ல் கட்டியது. 1988 வரை ராத்திரி ஆட்டத்துக்கு விளக்கே கிடையாது. படங்களில் பச்சைப்பசேல் என்று பார்த்த அந்தக் கொடி படர்ந்த மதில், ஏப்ரல் தொடக்கத்தில் இலையில்லாமல் வெறும் பழுப்பு நரம்பாக செங்கல்லைப் பற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு அப்படிப் பார்த்ததே பிடித்திருந்தது.

ஆனால் நான் 84 டாலர் கொடுத்தது மதிலுக்காக இல்லை. ஸ்கோர்போர்டுக்காக.

நடுமைதானத்துக்குப் பின்னால், மேலே, கரும்பச்சை நிறத்தில் நிற்கிறது. 1937-ல் வைத்தது. இன்றைக்கும் உள்ளே ஆள் உட்கார்ந்து, எண் எழுதிய தகடுகளைக் கையால் மாட்டுகிறார்கள். பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ரெண்டு அணியும் ஒரு தடவை மட்டை பிடிக்கும். ஒரு இன்னிங்ஸ் முடிந்ததும் ஒரு சதுரம் மட்டும் இருட்டுப் பொந்தாகத் திறக்கிறது. ஒரு கை தெரிகிறது. பொந்துக்குள் பூஜ்யம் வந்து நிற்கிறது. சில சமயம் அந்தப் பொந்து வழியாக ஒரு முகம் எட்டிப்பார்த்து ரெண்டு பந்து ஆட்டம் பார்த்துவிட்டு மறைகிறது. என் பக்கத்தில் எல்லாரும் பந்தைப் பார்த்தபோது நான் அந்தப் பொந்துகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பலகையில் இந்த ஆட்டம் மட்டும் இல்லை. மேஜர் லீக்கின் ரெண்டு பாதிகளான நேஷனல் லீக் இடப்பக்கம், அமெரிக்கன் லீக் வலப்பக்கம் என்று மற்ற ஊர்களின் ஆட்டங்களும் வரிசையாக இருக்கின்றன. ஊர்ப்பெயர், யார் பந்து வீசுகிறார் என்பதற்கு அவருடைய சட்டை எண், எத்தனை ரன். கையில் போன் வைத்திருக்கும் 40 வயசுக்காரர்கள்கூட நிமிர்ந்து பலகையைத்தான் பார்க்கிறார்கள்.

அதற்கும் மேலே கொடிகள். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பக்கத்து சீட் பெரியவர்தான் காட்டினார். கப்ஸ் ஆடும் நேஷனல் லீக்கில் மூணு பிரிவு, பிரிவுக்கு ஐந்து அணி. அணிக்கு ஒரு கொடி. அன்றைய புள்ளிப்பட்டியலில் யார் முதலிடமோ அந்தக் கொடி மேலே, கடைசியில் இருப்பவர் கீழே. பட்டியலையே கம்பத்தில் ஏற்றிவைத்திருக்கிறார்கள்! கப்ஸ் இருக்கும் மத்தியப் பிரிவில் பிட்ஸ்பர்க் கொடி உச்சியில் பறந்தது. மயாமியில் ஆடிய நாலு ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு நிற்கிறது அந்த அணி. கப்ஸ் கொடி கீழிருந்து ரெண்டாவது. போன வருஷ சாம்பியன் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் ஊரில் போய் மூணில் ரெண்டு தோற்று வந்திருந்தது.

இங்கே பட்டியல் நம் ஐபிஎல் மாதிரி புள்ளிக் கணக்கு இல்லை. வெற்றி சதவீதம்தான், மூணு தசம இடம்வரை போடுவார்கள். அடுத்த கட்டத்தில் 'எத்தனை ஆட்டம் பின்னால்' என்று ஒரு எண். முதலிடத்து அணிக்கும் நமக்கும் வெற்றியில் உள்ள வித்தியாசத்தையும் தோல்வியில் உள்ள வித்தியாசத்தையும் கூட்டி ரெண்டால் வகுக்க வேண்டும். பிட்ஸ்பர்க் 4 வெற்றி, தோல்வி இல்லை. கப்ஸ் 1 வெற்றி, 2 தோல்வி. மூணும் ரெண்டும் ஐந்து, பாதி இரண்டரை. ஆக கப்ஸ் இரண்டரை ஆட்டம் பின்னால். மொத்தம் எத்தனை ஆட்டம் என்கிறீர்கள்? 162. ஐபிஎல்லில் 14 லீக் ஆட்டத்துக்கே நாம் கால்குலேட்டரைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

"162-ல் மூணு ஆட்டம்தானே ஆகியிருக்கு, இப்பவே கொடி ஏத்தணுமா?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

அவர் விரல்நுனி வெட்டிய கம்பளிக் கையுறை போட்டிருந்தார். மடியில் ஸ்கோர் அட்டை, கையில் கட்டைவிரல் நீளப் பென்சில். நிமிராமலே சொன்னார்: "1969-ல எனக்குப் பத்து வயசு. முதல் 12 ஆட்டத்துல 11 ஜெயிச்சோம். ஆகஸ்ட் முடியிற வரைக்கும் எங்க கொடிதான் மேல. செப்டம்பர்ல நியூயார்க் மெட்ஸ் தாண்டிப் போயிட்டாங்க. எட்டு ஆட்டம் பின்னால முடிச்சோம்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த ஏப்ரலை யாரும் என்கிட்டேர்ந்து எடுத்துக்க முடியலை" என்றார்.

நான் அதற்குமேல் பேசவில்லை. அன்று ராத்திரி தேடிப் படித்தேன். 1987-ல் மில்வாக்கி அணி வரிசையாக 13 ஜெயித்துத் தொடங்கி மூணாவது இடத்தில் முடித்திருக்கிறது. போன வருஷம் டாம்பா பேவும் அதே 13 ஜெயித்து, 99 வெற்றி எடுத்தும் பிரிவில் ரெண்டாவதுதான். எதிர்ப்பக்கம், 2019-ல் வாஷிங்டன் முதல் 50 ஆட்டத்தில் 31 தோற்று, அந்த வருஷமே உலகத் தொடரை, அதாவது லீக்கின் இறுதிக் கோப்பையை, தூக்கியது. 1984 டெட்ராய்ட் மட்டும் முதல் 40-ல் 35 ஜெயித்து, கடைசிவரை விடாமல் கோப்பை வாங்கியது. ஏப்ரல் பட்டியலை நம்பக் கூடாது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பார்க்காதே என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கொடிக்காக 40 டிகிரி சொச்சம் ஃபாரன்ஹீட் குளிரில் 65 வயசுக்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

சரி, ஆட்டம். ஷோட்டா இமனாகா! ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து வந்த 30 வயசு இடதுகைப் பிட்சர், நம் பாஷையில் பந்து வீசுபவர். நாலு வருஷத்துக்கு 53 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அமெரிக்க மேஜர் லீக்கில் அவருக்கு இதுதான் முதல் ஆட்டம். ஆள் ஒன்றும் ராட்சசன் இல்லை, வேகமும் பயமுறுத்தும் வேகம் இல்லை. ஆனால் உயரத்தில் வரும் பந்துக்கு அடியிலேயே மட்டை போய்க்கொண்டிருந்தது. மூணு ஸ்ட்ரைக் விழுந்து மட்டைக்காரர் அவுட்டானால் அது ஸ்ட்ரைக்அவுட், பெரியவர் கட்டத்தில் ஒரு 'கே' எழுதுவார். மட்டையைச் சுழற்றாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானால் அந்த எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதவேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் பென்சில் முனையை உதட்டில் தொட்டுக்கொண்டு எழுதினார். மொத்தம் ஒன்பது எழுதினார்.

ஐந்து இன்னிங்ஸ் முடிந்தது, கொலராடோவுக்கு ஒரு ஹிட் இல்லை, அதாவது பந்தை அடித்து முதல் தளத்துக்குப் போய்ச் சேர ஒருவராலும் முடியவில்லை. ஆறாவதில் ரெண்டு பேர் அவுட்டான பிறகுதான் முதல் ஹிட். எனக்கு உயிரே போனது. சுற்றியிருந்த கூட்டமோ எழுந்து நின்று கை தட்டியது. அதுவரை ஒன்றும் கொடுக்காமல் வீசியதற்கு மரியாதை. நானும் எழுந்து தட்டினேன். ஆறு இன்னிங்ஸ், ரெண்டு ஹிட், ஒரு வாக் (நாலு தப்பான பந்துக்கு இலவசமாக முதல் தளம்) கிடையாது, ஒன்பது ஸ்ட்ரைக்அவுட். முதல் நாளே இப்படி!

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே வாங்காதீர்கள். வெளியே கிளார்க் தெருவில் ஒரு சின்னக் கடையில் ஐந்தரை டாலருக்கு சிகாகோ ஹாட் டாக் சாப்பிட்டேன். கசகசா தூவிய பன், மஞ்சள் கடுகு விழுது, கண்ணைப் பறிக்கும் பச்சையில் இனிப்பு ஊறுகாய், பொடியாக நறுக்கிய வெங்காயம், ரெண்டு தக்காளித் துண்டு, நீளவாக்கில் வெட்டிய வெள்ளரி ஊறுகாய், குட்டிப் பச்சை மிளகாய் ஊறுகாய் ரெண்டு, மேலே செலரி உப்பு. கெட்சப் மட்டும் கேட்கவே கூடாது, இந்த ஊரில் அது பெரிய குற்றம். முதல் கடியில் மிளகாய்க் காரமும் கடுகும் மூக்கில் ஏற, குளிரில் மரத்திருந்த முகத்துக்கு உயிர் வந்தது. இன்னொன்று வாங்கினேன். 11 டாலர். இந்தப் பயணத்தில் மனசு கணக்குப் பார்க்காத ஒரே செலவு.

ஒன்பதாவது இன்னிங்ஸ் முடிந்தபோது பலகையில் கொலராடோ வரிசையில் ஒன்பது தகடு, ஒன்பதும் பூஜ்யம். இந்த அணிதான் போன வியாழக்கிழமை அரிஸோனாவில் ஒரே இன்னிங்ஸில் 14 ரன் விட்டு 16-1 என்று தோற்றது. பலகைக்கு மேல் நடுக்கம்பத்தில் வெள்ளைக் கொடி ஏறியது, நீல நிறத்தில் 'டபிள்யூ' எழுதியது. தோற்றால் நீலக் கொடியில் வெள்ளை 'எல்'. ரயிலில் வீட்டுக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து முடிவைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. பெரியவர் அட்டையை மடித்து கோட்டின் உள்பையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்பினார்.

வெளியே வந்தால் அடிசன் ஸ்டேஷன் வாசலில் நகராத கூட்டம். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர், "பெல்மான்ட் ஸ்டேஷன்ல விடறேன், காலியா இருக்கும், சீப்" என்றார். அடுத்த ஸ்டேஷன்தான், அரை மைல். பாதம் மரத்துப்போயிருந்ததால் ஏறிவிட்டேன். இறங்கும்போது 35 டாலர் என்கிறார். நிமிஷத்துக்கு 5 டாலராம், ஏழு நிமிஷமாம். சீட்டின் பின்பக்கம் ஒட்டிய அட்டையைக் காட்டுகிறார், உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வாக்குவாதம் பண்ணி 25-க்கு இறக்கினேன். சென்ட்ரல் வாசல் ஆட்டோக்காரர்களாவது ஏறும் முன்பே அநியாய விலையைச் சொல்லிவிடுவார்கள். நடந்து போங்கள், பத்து நிமிஷம்தான்.

ஹாஸ்டலில் எட்டுப் பேர் அறை, படுக்கை 38 டாலர். கீழே பொது டிவியில் ராத்திரி முடிவுகள் ஓடின. ஹியூஸ்டனில் ரோனெல் பிளாங்கோ, டொராண்டோவுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்திருக்கிறார். 10-0. முதல் நாலு ஆட்டத்தையும் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்ற அணி இந்த ஹியூஸ்டன். முதல் வெற்றியே நோ-ஹிட்டர்! ஏப்ரல் 1-க்கே ஒரு நோ-ஹிட்டர் என்பது இந்த லீக் வரலாற்றில் இதுவரை இல்லை. 2001-ல் ஏப்ரல் 4-ல் ஹிடியோ நோமோ வீசியதுதான் அதுவரை முந்தியது. டிவி முன்னால் முன்பின் தெரியாத நாலு பேரும் நானும் கை தட்டினோம்.

அப்புறம் பட்டியல் வந்தது. பிட்ஸ்பர்க் வாஷிங்டனை 8-4 என்று ஜெயித்து ஐந்துக்கு ஐந்து. கப்ஸ் ரெண்டு வெற்றி, ரெண்டு தோல்வி. விரல்விட்டுப் போட்டுப் பார்த்தேன். மூணும் ரெண்டும் ஐந்து, பாதி இரண்டரை. இமனாகாவின் ஆறு இன்னிங்ஸ், ஒன்பது பூஜ்யம், என் தொண்டை எல்லாம் போட்டும் இடைவெளி அரை ஆட்டம்கூடக் குறையவில்லை.

இன்று மதியம் மேடிசன் திரும்ப டிக்கெட் போட்டிருந்தேன், வேறு கம்பெனி பஸ். காலையில் எழுந்ததும் 10 டாலர் கட்டி நாளைக்கு மாற்றிவிட்டேன். தம்பி போனில் திட்டினான். கையில் மிச்சம் 71 டாலர். அதில் படுக்கைக்கு 38, மாலை ஆட்டத்தில் அந்த 19 டாலர் சீட், கட்டணத்தோடு 26. ஒரு ஹாட் டாக்குக்குச் சரியாக இருக்கும். சாக்ஸ் ரெண்டு ஜோடி போட்டுக்கொண்டு, ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போய், கொடிகளின் வரிசை மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.