பேசாத நாட்கள்

7 நவம்பர் 2024, வியாழன்
குரல் நாணில் வீக்கம். பத்து நாள் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அதில் தொண்டை இன்னும் இறுகுமாம். காலையும் மாலையும் ஆவி. நான் நடித்த படத்துக்கு டப்பிங் 18-ஆம் தேதி, சாலிகிராமம். நாலு காட்சி.

8 நவம்பர்
அதே படத்தில் பேட்ச் வொர்க், அதாவது விட்டுப்போன ஷாட்களை எடுப்பது, ஒரு நாள் பாக்கி. தாடி பழைய ஷாட்டோடு பொருந்தணும், அதுவரை கை வைக்கக் கூடாது.

9 நவம்பர்
அந்தச் சாவு வீட்டுக் காட்சியே மண்டைக்குள் ஓடுகிறது. "அப்பா போயிட்டாரும்மா." ப்பா, போ, ம்மா என்று மூன்று இடத்தில் உதடு ஒட்டுகிறது. இதை "அவரு இறந்துட்டாரு" என்று மாற்றலாமா என்கிறார்கள். அதில் உதடு ஒட்டவே ஒட்டாது. க்ளோசப்பில் உடனே தெரிந்துவிடும். "அப்பா"வைத் "தம்பி" ஆக்கினால் தப்பிக்கலாம், அதிலும் உதடு ஒட்டும். முதுகு காட்டும் சஜஷன் ஷாட் என்றால் எதை வேண்டுமானாலும் பேசலாம்.

மூச்சும் முக்கியம். வசனத்துக்கு முன் இழுத்த விம்மலைத் தனி ட்ராக்கில் எடுக்கச் சொல்லணும். வெறும் வார்த்தையை ஒட்டினால் முகம் செத்துப்போகும். ஷாட்டில் தரையில் குனிந்து உட்கார்ந்திருந்தேன், வயிறு மடிந்த குரல் அது. மைக் முன்னாலும் குனிந்துதான் பேசணும். ஒரு சாண் தூரம். கத்தும்போது அரை அடி பின்னால் போய் முகத்தைச் சற்றுத் திருப்பணும், இல்லாவிட்டால் 'ப' மைக்கில் வெடிக்கும்.

10 நவம்பர், ஞாயிறு
டெல்லி கணேஷ் சார் நேற்று இரவு போய்விட்டார். 80 வயது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரிடமும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

விமானப் படையில் பத்து வருஷம் இருந்துவிட்டு நடிக்க வந்தவர். '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குக் குரல் அவர்தான். இன்னொருவர் வாயசைவுக்காகத் தன் பேச்சின் நடையையே விட்டுக்கொடுக்கணும். நடிப்பதைவிடக் கஷ்டம் அது.

11 நவம்பர்
ஆவி. மௌனம்.

12 நவம்பர்
மழை. சீரியல் மேனேஜரிடமிருந்து மெசேஜ்: "அண்ணே, 15லேர்ந்து நாலு நாள். க்ளீன் ஷேவ் வேணும்."

எடுத்துவிட்டு, பேட்ச் வொர்க்குக்கு ஒட்டுத் தாடி வைத்தால்? கன்னத்தில் அந்தத் தாடியைத் தைத்திருக்கும் வலையின் ஓரம் தெரியும். வியர்த்தால் அதை ஒட்டும் பசை, ஸ்பிரிட் கம், முதலில் வாயோரத்தில்தான் விடும், அங்கேதான் ஓயாத அசைவு. அழுகைக் காட்சி வேறு. அதோடு சீரியலில் அசிஸ்டென்ட் வசனத்தை எடுத்துக்கொடுக்க, கேட்டுக் கேட்டுப் பேசணும். தொண்டை தாங்காது. "முடியாது தம்பி" என்று அனுப்பினேன். நாலு நாள் சம்பளம் போச்சு.

14 நவம்பர்
ஷூட்டிங் அன்று 21 நாள் தாடி, தாடையில் 8 மி.மீ. அளந்து எழுதி வைத்தது நல்லதாயிற்று. முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டோவாகப் போனில் இருக்கிறது. இப்போது 12 தாண்டிவிட்டது. பேட்ச் வொர்க் அன்று காலையில்தான் ட்ரிம்மர், அதற்கு முன் கிடையாது.

16 நவம்பர்
டாக்டர் முனகலாம் என்றார். வாயை மூடி 'ம்' மட்டும், ஐந்து நிமிஷம். கீழே சுத்தமாக வருகிறது, மேலே போனால் உடைகிறது. அழுகைக்கு அந்த உடைசல் பொருந்துமே என்று ஒரு நப்பாசை. பொருந்தாது. அடுத்த காட்சி அதே வீடு, அதே ராத்திரி, அங்கே குரல் தெளிவாக இருக்கணும்.

17 நவம்பர்
நாளை 10 மணி. அழுகையைக் கடைசியில் வைக்கச் சொல்லணும், முதலில் அழுதால் மற்ற மூன்றும் கரகரக்கும். ஃபிளாஸ்கில் வெந்நீர். பேட்ச் வொர்க் தேதி இன்னும் சொல்லவில்லை.