முதல் தடவை டர்பைனை லைன்ல ஏத்துன ராத்திரி

டெல்டா பக்கம் ஒரு சின்ன கேஸ் பவர் பிளான்ட்ல அப்ரண்டிஸா இருந்தப்போ நடந்தது, பேர் வேணாம், குத்தாலம் கோவில்களப்பால் மாதிரி 100 மெகாவாட் ரகம்னு வச்சுக்கோங்க. கம்ப்ரசர் வாட்டர் வாஷுக்கு, அதாவது காத்தை உள்ள இழுத்து அழுத்துற பகுதியைத் தண்ணி விட்டுக் கழுவ, நிப்பாட்டின மெஷினை நைட் ஷிஃப்ட்ல ஸ்டார்ட் பண்ணணும். பட்டனை அமுக்குனா ஓடிரும்னு நெனச்சுட்டு இருந்தேன்.

முதல்ல வெறும் காத்துல சுத்த விடுவாங்க, பர்ஜ்னு பேரு, உள்ள மிச்ச கேஸ் தங்கியிருந்தா பத்த வைக்கிறப்போ வெடிச்சுரும்ல, அதான். அப்புறம் ஸ்பார்க். ஃப்ளேம் வரலன்னு காட்டி ட்ரிப், அதாவது மெஷின் தானா நின்னுருச்சு. திரும்ப பர்ஜ், திரும்ப ட்ரிப். பாத்தா தீ பிடிச்சுதான்னு பாக்குற ஃப்ளேம் டிடெக்டர் கண்ணாடில ஈரம், வாஷ் பண்ண தண்ணிதான், தொடைச்சுட்டு மூணாவது தடவைல பிடிச்சுது.

ஜெனரேட்டர் 3000 ஆர்பிஎம் வந்ததும் சிங்க்ரனைஸ் பண்ணணும், அதாவது கிரிட்டோட (ஊருக்கெல்லாம் கரண்ட் போற மின்கட்டமைப்பு) ஒத்துப்போக வச்சு சேக்கணும், எனக்கு வேர்த்துப்போச்சு. சார் ஆட்டோல விடாம மேனுவல்ல காட்டிக்கொடுத்தார். வோல்டேஜ் சேரணும், ஃப்ரீக்வென்சி சேரணும், ரெண்டும் எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு காட்டுற சிங்க்ரோஸ்கோப் மீட்டரோட முள்ளு மெதுவா சுத்தி வந்து 12 மணியைத் தொடப்போறப்போ பிரேக்கரை, அதான் கிரிட்டோட இணைக்கிற சுவிட்சை, போடணும், தப்பான நேரத்துல போட்டா ஷாஃப்ட்டுக்கே ஆபத்து. "அவசரப்படாத தம்பி, கிரிட் நமக்காக மாறாது"ன்னார். உண்மைதான, 2013 டிசம்பர் 31ல தெற்கு கிரிட்டையும் சேத்தப்புறம் காஷ்மீர்லேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரே 50 ஹெர்ட்ஸ், அதுல எங்க டர்பைனோட 60 சொச்சம் மெகாவாட் கடல்ல கரைச்ச பெருங்காயம்.

சாயங்காலம் சோலார் எறங்குனதும் டக்குனு ஏத்தத்தான் கேஸ் பிளான்ட்னு படிச்சிருப்போம். இங்க அந்தக் கதையே இல்ல, பக்கத்து ஓஎன்ஜிசி கிணத்துலேர்ந்து வர்ற கேஸ் எவ்ளோவோ அவ்ளோதான் லோடு, சேத்து வைக்க எடமில்ல, அதனால ராப்பகலா ஓடும், கிணத்துல பிரஷர் கொறஞ்சா லோடும் கொறையும். நாட்டுல அப்போ கிட்டத்தட்ட 25,000 மெகாவாட்டுக்கு கேஸ் பிளான்ட் கட்டிவச்சு, பெரிய பெரிய பிளான்ட்டெல்லாம் கேஸ் கெடைக்காம பூட்டிக் கெடந்துச்சு, வயக்காட்டுக் கிணத்தை நம்புன நாங்க ஓடிட்டு இருந்தோம்.

பிரேக்கர் விழுந்ததும் வேலை முடிஞ்சுதுன்னு பாத்தா, இனிமேதான் ஸ்டீம் டர்பைன். கேஸ் டர்பைன்லேர்ந்து 500 டிகிரிக்கு மேல சூடா வெளிய வர்ற பொகையை வச்சே பாய்லர்ல ஸ்டீம் எடுத்து அதையும் சுத்த வைக்கிறது, கூடுதல் கேஸே வேணாம், மொத்தத்துல மூணுல ஒரு பங்கு கரண்ட் இதுலதான் வருது. ஆனா பாய்லரோட டிரம்மை மெதுவாத்தான் சூடேத்தணும், அவசரப்பட்டா இரும்பு தாங்காது. காலைல மணி பத்தாயிடுச்சு. கேன்டீன்ல பொங்கல் தீந்துபோச்சு, ஆறுன இட்லி ரெண்டுதான் மிச்சம்.