அமெரிக்கா சரக்கை டெல்லிக்குத் தள்ளப் பட்ட பாடு

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியதும், திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைக்கும் எங்களிடம் ஆர்டர் கொடுத்திருந்த அமெரிக்க பையர் குழந்தைகள் பைஜாமா ஆர்டரைக் கைகழுவிவிட்டார். அதற்குள் தைத்து, அயர்ன் போட்டு, பெட்டியும் கட்டியாகிவிட்டது. "உள்ளூர்ல வித்துடுங்க" என்று சொல்லாத ஆள் இல்லை. திருப்பூரில் எல்லோருக்கும் அதே யோசனைதானே? இங்குள்ள உள்ளூர் மொத்தச் சந்தையான காதர்பேட்டையில் கேட்ட விலை துணிக்காசுக்கே காணவில்லை. போதாக்குறைக்கு இது முழுக்கை, கனமான இன்டர்லாக் பின்னல் துணி. நம்ம வெயிலுக்கு யார் போடுவார்கள்? டெல்லி காந்தி நகர் மொத்த வியாபாரி ஒருவர் குளிர்காலத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

முதல் இழுபறி, பையரின் கடிதம். பிராண்டு பெயரை எடுத்துவிட்டு விற்க ஆட்சேபம் இல்லை என்று எழுத்தில் வாங்காமல் சரக்கைத் தொடாதீர்கள். நடுவில் இருந்த ஏஜெண்ட் இன்று, நாளை என்று இழுத்தடித்தார். தைத்த லேபிளாக இருந்தால் பிரித்துவிடலாம். இதில் கழுத்துக்கு உள்பக்கம் ஹீட் டிரான்ஸ்ஃபர் பிரிண்ட், அதாவது பிராண்டு பெயரைச் சூடு வைத்துத் துணியிலேயே ஒட்டியிருந்தது. சுரண்டினால் துணி வெளுத்து, அந்த இடம் மட்டும் பளபளவென்று தனியாகத் தெரிகிறது. கடைசியில் அதன் மேலேயே எங்கள் லேபிளை வைத்துத் தைத்தோம். பீஸுக்குப் பீஸ் தையல் கூலி தண்டம். பிறகு சென்டிமீட்டரில் சைஸ், எம்ஆர்பி, முகவரி, புகாருக்கு போன் நம்பர் எல்லாம் புது டேக்கில் அடிக்க வேண்டும். பழைய டாலர் ஸ்டிக்கர் ஒரு பாலி பேக்கிலும் தங்கிவிடக் கூடாது.

ஜிஎஸ்டியில் சிக்கல் இல்லை. எக்ஸ்போர்ட்டால் தேங்கிக் கிடந்த ஐடிசியிலேயே (வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியின் வரவு) இந்த விற்பனைக்கான 5 சதவீதம் கழிந்துவிட்டது. ரீஃபண்டுக்கு அப்ளை பண்ணும் முன் ஆடிட்டரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்; அந்த வரவை ரீஃபண்டாக எடுத்துவிட்டால் இந்த வரியைக் கைக்காசில் கட்ட வேண்டியிருக்கும். உள்நாட்டு வியாபாரி பணம் தர மாதக் கணக்கில் ஆகும். வரியோ அடுத்த மாதம் 20ஆம் தேதியே வந்து நிற்கும்.

லாரி ஏறியதும் நிம்மதி என்று பார்த்தால், வழியில் மடக்கிவிட்டார்கள். புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா இ-வே பில்லில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ரசீது) வண்டி நம்பரின் கடைசி இரண்டு எண்களை மாற்றி அடித்திருக்கிறார். கேட்டால், "சிஸ்டம் அப்படி எடுத்துக்கிச்சுங்க" என்கிறார்! செக்கிங் அதிகாரியோ வரியில் இரண்டு மடங்கு அபராதம் என்று நின்றார். எங்கள் ஆடிட்டர் 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட 64/38/2018 ஜிஎஸ்டி சுற்றறிக்கையை டிரைவர் போனுக்கு அனுப்பினார். வண்டி நம்பரில் ஓரிரு எண் தவறினால் மொத்தம் ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. ராத்திரி முழுக்க வண்டி நின்றது; விடிந்ததும் ஆயிரத்தை வாங்கிக்கொண்டு விட்டார்கள். வெளிமாநிலம் அனுப்புகிறவர்கள் அதை டிரைவர் போனில் முன்னாடியே ஏற்றிவிடுங்கள். வண்டி கிளம்பும் முன் நம்பர் பிளேட்டையும் பில்லையும் நம்ம ஆள் ஒருவர் ஒத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

சரக்கு இறங்கிய பிறகு வியாபாரி விலையை இன்னும் குறைக்கச் சொன்னார். லூதியானாக்காரர்களும் எக்ஸ்போர்ட் சரக்கோடு அவர் கடை வாசலில் நிற்கிறார்களாம். குறைத்தேன். ஆனால் பாதிப் பணம் அன்றைக்கே பேங்கில் ஏறினால்தான் என்று சொல்லி, வாங்கிவிட்டேன். மீதிக்கு 90 நாள் தவணை.