க்ரியாட்டினின் 0.7 என்ற ஒரு வரியை நம்பி ஐந்து வருடம்

எனக்கு 24 வயதில் டைப் 2 சுகர் வந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஏற்கெனவே இருந்ததால் வீட்டில் யாரும் அதிரவில்லை. மாத்திரை போட்டேன், வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் கிட்னிக்கு, அது வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியா, க்ரியாட்டினின் என்று இரண்டே வரி. க்ரியாட்டினின் 0.7, நார்மல். ஐந்து வருடம் அதைப் பார்த்தே நிம்மதியாக இருந்தேன்.

போன வருடம், குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தபோது மதுரையில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவரைப் பார்த்தேன். பழைய ஃபைலைப் புரட்டிவிட்டு, "யூரின்ல ஆல்புமின் எப்பம்மா பார்த்தீங்க?" என்றார். ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம் ஆல்புமின். அது சிறுநீரில் கசிகிறதா என்று பார்த்ததே இல்லை. டைப் 2 என்றால் நோயைக் கண்டுபிடித்த உடனேயும், பிறகு வருடா வருடமும் பார்க்க வேண்டிய டெஸ்ட் அது. இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

காலை முதல் சிறுநீரைச் சின்ன டப்பாவில் பிடித்துக் கொடுத்தேன். ஆல்புமின்-க்ரியாட்டினின் விகிதம் 92 என்று வந்தது. 30-க்குள் இருக்க வேண்டும். 300-ஐத் தாண்டினால் பாதிப்பு அதிகம். பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேடினால் டயாலிசிஸ் படங்களாகவே வந்தன. இறங்கும் வரை அழுதேன்.

அதை வைத்து மட்டும் டாக்டர் முடிவு செய்யவில்லை. காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன், கடுமையான உடற்பயிற்சி, மாதவிடாய் எல்லாமே இந்த அளவைக் கூட்டிக் காட்டுமாம். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டு முறையாவது கூடுதலாக இருந்தால்தான் உறுதி. நான் கொடுத்தது மாதவிடாயின் கடைசி நாள். அந்த நம்பிக்கையில் காத்திருந்தேன். அடுத்தது 78.

"க்ரியாட்டினின் நார்மல்தானே டாக்டர்?" என்று கேட்டேன். ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. சர்க்கரையும் பிரஷரும் அவற்றை அரிக்கும்போது, டீ வடிகட்டியில் ஓட்டை விழுந்தால் தூள் இறங்குவது மாதிரி முதலில் ஆல்புமின் கசியும். சில வடிகட்டிகள் போனாலும் மிச்சமுள்ளவை சேர்த்து உழைத்துச் சமாளிப்பதால் க்ரியாட்டினின் ஏறுவதற்குள் நிறையப் போய்விடும். வலி, வீக்கம் எதுவும் எனக்கு இல்லை. "வயசு சின்னதுன்னு நினைக்காதீங்கம்மா. இந்தக் கிட்னி இன்னும் 40, 50 வருஷம் ஓடணும்" என்றார். இளம் வயதில் வரும் டைப் 2-வில் பாதிப்புகள் வேகமாகவும் வருமாம்.

பிரஷர் 138/88 இருந்ததால் டெல்மிசார்ட்டன் கொடுத்தார். இதைச் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, குழந்தையின் கிட்னியையே பாதிக்கும் என்று இரண்டு முறை சொன்னார். குழந்தைக்காகப் போன இடத்தில் குழந்தையைத் தள்ளிப்போடச் சொன்னார்கள். வீட்டில் அத்தையிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. அவரே மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீ நல்லா இருந்தாத்தானேம்மா பிள்ளை" என்றார். அதற்கப்புறம் எதுவுமே கஷ்டமாகத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பொட்டாசியமும் க்ரியாட்டினினும் பார்த்தார்கள். க்ரியாட்டினின் 0.8 ஆகியிருந்தது. இந்த மாத்திரையில் லேசாக ஏறுவது வழக்கம்தானாம். பிறகு டாபாக்ளிஃப்ளோசின் சேர்ந்தது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும், கிட்னியையும் காக்கும். இந்தியாவில் 2020-ல் காப்புரிமை முடிந்த பிறகு விலை நன்றாகக் குறைந்துவிட்டது. வாந்தி பேதி வந்தாலோ சாப்பிட முடியாமல் போனாலோ நிறுத்திவிட்டுப் போன் செய்ய வேண்டும்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவுதான். அம்மா அனுப்பும் நார்த்தங்காய் ஊறுகாயும் மோர்மிளகாயும் நின்றன. நான் எதிர்பார்க்காதது வலி மாத்திரை. மாதாமாதம் வயிற்று வலிக்கு மெடிக்கலில் மெஃபனாமிக் ஆசிட் வாங்கிப் போடுவேன். அதுவும் டைக்ளோஃபினாக்கும் கிட்னிக்கு ஆகாது என்று அன்றுதான் தெரிந்தது. இப்போது வெந்நீர்ப் பையும் பாராசிட்டமாலும்தான்.

கண்ணையும் பரிசோதித்தார்கள், நன்றாக இருக்கிறது. ஒன்பது மாதத்தில் ஆல்புமின் 41 ஆகி, போன வாரம் 24. மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 8.6-லிருந்து 6.4. வருகிற மாதம் கர்ப்பத்துக்கு ஆகாத மாத்திரைகளை நிறுத்திவிட்டு லேபெட்டலால் என்ற பிரஷர் மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் மாறுகிறேன். அதற்கு முன் இன்னொரு முறை யூரின் டெஸ்ட் இருக்கிறது. டப்பாவை அத்தையே வாங்கி வைத்துவிட்டார்.