ராபர்ட் ஸ்மால்ஸ்: துறைமுகத்திலிருந்து சட்டமன்றம் வரை

மார்ச் 3

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து சட்டமன்றம் வரை சென்ற கறுப்பரான ராபர்ட் ஸ்மால்ஸ் என்றதும் பலரும் உள்நாட்டுப் போரின் நடுவே வந்த 1862 மே 13 விடியற்காலையைத்தான் நினைவுகூர்கிறார்கள். கப்பல் தலைவரின் வைக்கோல் தொப்பியை அணிந்துகொண்டு, சார்ல்ஸ்டன் துறைமுகத்தைக் காத்த சம்டர் கோட்டையைக் கடக்கும்போது முறைப்படி ஊதலை ஒலித்து, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துநின்ற தென் மாநிலங்களின் ‘பிளாண்டர்’ என்ற படைக் கப்பலை மனைவி மக்களோடு வட மாநிலங்களின் கடற்படையிடம் கொண்டு சேர்த்தார். அது பெரிய துணிச்சல்தான். ஆனால் அதன்பின் தென் கரோலினா சட்டமன்றத்தில் அவர் கழித்த ஆண்டுகளைப் பற்றிப் பேச ஆளில்லை. இக்குறிப்புகளில் அதையே தொடர எண்ணுகிறேன்.

மார்ச் 4

1839இல் தென் கரோலினாவின் பியூஃபோர்ட்டில் அடிமையாகப் பிறந்தவரை, 12 வயதில் சார்ல்ஸ்டன் நகருக்கு வேலைக்கு அனுப்பினார் எஜமானர். ஓட்டலில் பரிமாறினார், தெருவிளக்கு ஏற்றினார், துறைமுகத்தில் சரக்கு இறக்கினார், கப்பற்பாய் தைத்தார், கடைசியில் சுக்கான் பிடித்தார். கூலியின் பெரும்பகுதி எஜமானருக்கே போனது. மனைவியையும் மகளையும் மீட்க 800 டாலர் கேட்கப்பட்டபோது அவர் கையில் இருந்தது 100 டாலர்தான். பிறகு மன்றத்தில் அவர் எழுப்பிய கோரிக்கைகளை இந்தக் கணக்கை மறந்துவிட்டுப் படிக்க முடியவில்லை.

மார்ச் 9

1868இல் சார்ல்ஸ்டனில் கூடிய அரசமைப்பு மாநாட்டில், எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டணமில்லாப் பொதுப்பள்ளியும் கட்டாயக் கல்வியும் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றமாக இருந்த மாநிலம் அது. அவரே விடுதலைக்குப் பின்தான் எழுதப் படிக்கக் கற்றார். அவ்வாண்டே கீழவைக்கும் 1870இல் மேலவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பு உறுப்பினர்கள் பெரும்பான்மையாக இருந்த அந்தக் கீழவையை ‘கூலிக்காரர் கூட்டம்’ என்ற தோரணையில் எள்ளி எழுதியவர்கள், பள்ளித் தீர்மானத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

மார்ச் 11

1876இல் கொம்பாஹீ ஆற்றங்கரை நெல் வயல்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. தோட்ட முதலாளிகள் ரொக்கத்துக்குப் பதிலாகச் சீட்டு கொடுத்தார்கள். அது முதலாளியின் கடையில் மட்டுமே செல்லும், அங்கே விலையை வைப்பவரும் அவரேதான். அப்போது வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஸ்மால்ஸ், ஆளுநரின் வேண்டுகோளின்பேரில் நேரில் சென்று, ஆயுதமேந்திய வெள்ளையர்களும் கொதித்துநின்ற தொழிலாளர்களும் மோதிக்கொள்ளாமல் தடுத்தார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மார்ச் 12

1877இல், மாநில மேலவையில் இருந்தபோது அரசு அச்சு வேலை ஒப்பந்தத்துக்காக 5,000 டாலர் லஞ்சம் பெற்றதாகத் தண்டிக்கப்பட்டார். 1879இல் மன்னிப்பு கிடைத்தது. மாநில ஆட்சி மீண்டும் வெள்ளையர் கைக்கு மாறிய கையோடு வந்த வழக்கு என்பதால் அரசியல் பழிவாங்கலாகவே எனக்குப் படுகிறது. ஆனால் அச்சுச் செலவில் அன்றைய மன்றம் காட்டிய தாராளத்தை நியாயப்படுத்த நான் முன்வர மாட்டேன்.

மார்ச் 16

1895இல் கறுப்பரின் வாக்குரிமையைப் பறிக்கவென்றே இன்னொரு மாநாடு கூட்டப்பட்டது. 160 பேரில் ஆறு பேர்தான் கறுப்பர். ஸ்மால்ஸ் அவர்களில் ஒருவர். கலப்பு மணத்தைத் தடைசெய்யும் பிரிவு வந்தபோது, கறுப்புப் பெண்ணோடு கூடி வாழும் வெள்ளையர் எவரும் அரசுப் பதவி வகிக்கக் கூடாது என்று ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். அவையே அதிர்ந்தது. திருத்தம் தோற்றது, வாக்குரிமையை நெரித்த அரசமைப்பு நிறைவேறியது. அதில் கையெழுத்திட அவர் மறுத்துவிட்டார்.