‘ரிட்டயர்’ கேள்வியில் மார்க்கை விடாமல் இருக்க

வங்கித் தேர்வு, எஸ்.எஸ்.சி. என்று எதற்குப் படித்தாலும், ஆங்கிலப் பகுதியில் நம்மைக் கவிழ்ப்பது பெரும்பாலும் நன்றாகத் தெரிந்த வார்த்தைதான். தெரியாத வார்த்தை வந்தால் நெகட்டிவ் மார்க் பயத்தில் உஷாராகி விட்டுவிடுவோம். தெரிந்தது வந்தால் கை தானாக டிக் அடித்துவிடும். ‘ரிட்டயர்’ அப்படி ஒரு வார்த்தை. வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ யாரை நிறுத்திக் கேட்டாலும் அர்த்தம் சொல்லிவிடுவார்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப்., மணலி, எண்ணூர் என்று தொழிற்சாலைச் சம்பளத்தில் ஓடிய வீடுகளில் ‘வி.ஆர்.எஸ்.’ (விருப்ப ஓய்வு) என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அந்த நம்பிக்கையில்தான் நம் ஆட்கள் கேள்வியை முழுசாகப் படிக்காமல் ‘ஓய்வு’ என்று போட்டுவிட்டு வருகிறார்கள்.

நான் இப்போது ஒரு வங்கியில் கிளார்க். தேர்வுக்குப் படித்த காலத்தில் பாரிமுனை தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் (துறைமுகச் சரக்கை எடுத்துக் கொடுப்பவர்) ஆபீஸில் வேலை பார்த்தேன். வங்கிக்கும் கஸ்டம் ஹவுஸுக்கும் கப்பல் கம்பெனி ஆபீஸுக்கும் பேப்பர் தூக்கிக்கொண்டு அலைவதுதான் வேலை. எந்தக் கோச்சிங் நோட்டும் தராத ஒரு அர்த்தத்தை அந்தத் தெரு எனக்குக் கொடுத்தது.

விஷயம் இதுதான். வெளிநாட்டுச் சரக்கு துறைமுகத்தில் வந்து இறங்கியிருக்கும். அதை எடுக்கத் தேவையான பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி கொடுக்கும் சரக்குச் சீட்டு), இன்வாய்ஸ் எல்லாம் விற்பவருடைய வங்கி மூலமாக வந்து, இங்கே சரக்கை வாங்கும் பார்ட்டியின் வங்கியில் உட்கார்ந்திருக்கும். பார்ட்டி பணம் கட்டினால்தான் வங்கி அந்தக் கட்டைக் கையில் கொடுக்கும். அது கைக்கு வந்த பிறகுதான் கப்பல் கம்பெனியில் டெலிவரி ஆர்டர் வாங்க முடியும். இப்படிப் பணம் கட்டிப் பேப்பரை மீட்பதற்குப் பெயர்தான் டாக்குமென்ட்டை ரிட்டயர் செய்வது. காலையில் ஆபீஸுக்குள் கால் வைத்ததும் சீனியர் அண்ணன் கேட்பார், “இன்னாப்பா, பேங்க்ல டாக்குமென்ட் ரிட்டயர் ஆயிடுச்சா? இல்ல, இன்னிக்கும் டெமரேஜ்தானா?” சரக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தாலும் வாடகை ஏறும், அந்தக் கவலை அவருக்கு. இதில் யாரும் வேலையை விட்டுப் போகவில்லை, யாருக்கும் பென்ஷன் இல்லை.

காமர்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு இது கொஞ்சம் பழக்கமாக இருக்கும். கெடு தேதிக்கு முன்னாலேயே பில்லுக்குப் பணம் கட்டி, அதற்காகக் கொஞ்சம் தள்ளுபடி வாங்கிக்கொள்வதை ‘ரிட்டயரிங் எ பில் அண்டர் ரிபேட்’ என்று கணக்குப்பதிவியலில் படித்திருப்பீர்கள். ஒரு கம்பெனி தன் கடன் பத்திரங்களைப் பணம் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொண்டால், பிசினஸ் பக்கத்தில் கடனை ‘ரிட்டயர்’ செய்தது என்று எழுதுவார்கள். வங்கித் தேர்வில் காம்ப்ரிஹென்ஷன் பத்தி பொருளாதாரம் பற்றி வந்தால் இந்த அர்த்தம் எட்டிப் பார்க்க வாய்ப்பு அதிகம். ‘அடைத்தல்’ என்ற ஆப்ஷன் கண்ணெதிரே இருக்கும். நாம் அதைத் தாண்டிப் போய் ‘ஓய்வு பெறுதல்’ மேல் கை வைப்போம்.

இத்தனை அர்த்தத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ‘பின்னுக்கு இழு’ என்பதுதான் அதன் மூலம். படை ஒழுங்காகப் பின்வாங்கினாலும் ரிட்டயர்தான், இரவு சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனாலும் ரிட்டயர்தான். பில் புழக்கத்திலிருந்து பின்னுக்கு வருகிறது, ஆள் வேலையிலிருந்து பின்னுக்கு வருகிறார். ‘டயர்டா இருக்கு’ என்று நாம் சொல்லும் டயர்டுக்கும் இதற்கும் சொந்தபந்தம் ஒன்றும் கிடையாது.

சென்ட்ரல் ஸ்டேஷனில் ‘ரிட்டயரிங் ரூம்’ என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அது ரயில்வேயில் பணி ஓய்வு பெற்றவர்களுக்கான அறை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கன்ஃபர்ம் டிக்கெட் உள்ள பயணி காசு கட்டி ஒதுங்கிப் படுக்கும் அறை அது. இதே ‘ரிட்டயரிங்’ ஒரு மனிதருக்கு அடைமொழியாக வந்தால் கூச்ச சுபாவம், ஒதுங்கியே இருக்கும் குணம் என்று பொருள். எஸ்.எஸ்.சி. ஆட்கள் இதை இருமுறை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். சினனிம் கேள்விக்கு என்றே செய்தது போன்ற அர்த்தம். ஆனால் பதவிப் பெயருக்கு முன்னால் வந்தால், ‘ரிட்டயரிங் சேர்மன்’ என்பது போல, அவர் பதவிக்காலம் முடிந்து வெளியேறுபவர். கூச்சக்காரரா, வெளியேறுபவரா என்பதைச் சுற்றியுள்ள வரிதான் சொல்லும்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பாடம் இன்னும் சுலபம், அதுவும் நம்ம ஊர் அஸ்வின் இருக்கும்போது. 2022 ஏப்ரலில் லக்னோ அணிக்கு எதிரான ஐ.பி.எல். ஆட்டத்தில், ராஜஸ்தானுக்காக 28 ரன் எடுத்திருந்தவர், கடைசி ஓவர்களில் தானே நடந்து வெளியே வந்தார். அடிக்கக்கூடிய ஆள் உள்ளே போகட்டும் என்ற திட்டம். ஸ்கோர்கார்டில் ‘ரிட்டயர்ட் அவுட்’ என்று ஏறியது, ஐ.பி.எல்.லில் அதுதான் முதல் தடவை. 2024 டிசம்பரில் பிரிஸ்பேனில் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து விலகுவதாக அறிவித்தாரே, அதுவும் ‘ரிட்டயர்’. முதலாவது ஒரு இன்னிங்ஸோடு முடிந்தது, இரண்டாவது ஒரு சகாப்தம். ‘ரிட்டயர்ட் ஹர்ட்’ வேறு கதை. காயம் அல்லது உடல்நலக் குறைவால் போனவர் பிறகு திரும்பி வந்து ஆடலாம், விதிப்படி அவர் நாட் அவுட். இந்தக் காரணங்கள் இல்லாமல் போனவர் திரும்ப வேண்டுமானால் எதிரணி கேப்டன் சம்மதிக்க வேண்டும். தோனியின் 7-ஆம் நம்பர் ஜெர்சியை இனி யாருக்கும் தருவதில்லை என்று ஒதுக்கி வைத்தார்களே, அங்கே ஜெர்சியே ரிட்டயர் ஆகிறது.

மெஷினும் ரிட்டயர் ஆகும். எண்ணூர் அனல் மின் நிலையம், 450 மெகாவாட், 2017 மார்ச் 31-ஆம் தேதியோடு நின்றது. மின்துறை அறிக்கைகளில் இப்படி மூடப்படும் யூனிட்டுகளை ‘ரிட்டயர்டு’ என்றே எழுதுவார்கள். அங்கே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள், நிலையமும் ரிட்டயர் ஆகிவிட்டது. இந்த ஒரு வரியை ஆங்கிலத்தில் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் போதும், ஆளுக்கும் பொருளுக்கும் ஒரே சொல் எப்படி உட்காருகிறது என்பது மறக்காது.

அரசியலமைப்புப் பகுதியிலும் இது வரும். மாநிலங்களவை கலைக்கப்படாத அவை. அதன் உறுப்பினர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இரண்டாண்டுக்கு ஒருமுறை ‘ரிட்டயர்’ ஆகிறார்கள் என்கிறது 83-ஆவது பிரிவு. அவர்கள் வீட்டுக்குப் போய் ஈசிசேரில் சாய்ந்துவிடுவதில்லை, பலர் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டுத் திரும்பி வருகிறார்கள். பப்ளிக் லிமிடெட் கம்பெனி இயக்குநர்களும் அப்படித்தான். சுழற்சி முறையில் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ரிட்டயர் ஆகி, அதே கூட்டத்தில் மறுபடி நியமிக்கப்படலாம். பங்குதாரர் ஒருவர் கூட்டு வியாபாரத்தை விட்டு விலகுவதும் சட்டத்தில் ரிட்டயர்மென்ட்தான், அவருக்கு வயது முப்பதாக இருந்தாலும்.

ஸ்பாட்டிங் எரர் பகுதிக்கு வருவோம், தமிழில் யோசித்து எழுதும் நமக்கு இது முக்கியம். ‘அவர் ரிட்டயர்டு ஆயிட்டார்’ என்று பேசிப் பேசி, ஆங்கிலத்திலும் ‘ஹி காட் ரிட்டயர்டு’ என்று எழுதுவது நம்மிடம் சர்வசாதாரணம். ‘ஹி ரிட்டயர்டு’ அல்லது ‘ஹி ஹாஸ் ரிட்டயர்டு’ போதும், ‘காட்’ வேண்டாம். ‘ஹி வாஸ் ரிட்டயர்டு’ என்று வந்தால் நிதானியுங்கள். அவரை யாரோ ஓய்வில் அனுப்பிவைத்தார்கள் என்ற பொருள் அதில் வரலாம். அரசுப் பணியில் கட்டாய ஓய்வு என்பது ஒரு தண்டனை. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு ஓய்வு வயது 2020-இல் 59 ஆகி, 2021-இல் 60 ஆனது. அந்த வயதில் போவதற்குச் ‘சூப்பரான்யுவேஷன்’ என்று தனிச் சொல் இருக்கிறது. ஒன் வேர்டு சப்ஸ்டிட்யூஷன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துச் சொற்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ‘ரிசைன்’ நாமாக எழுதிக் கொடுத்துவிட்டு வருவது. ‘ஃப்ரம்’ வந்தால் ராஜினாமா. ‘ரிசைன்டு டு’ என்று வந்தால், தலையெழுத்து என்று ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம். நடுவில் சின்னக் கோடு போட்டு ‘ரி-சைன்’ என்றிருந்தால் மறுபடி கையெழுத்துப் போடுவது, கிட்டத்தட்ட நேர் எதிர். ‘க்விட்’ என்றால் வேலையை மட்டும் விடுவதில்லை. 1942-இன் ‘வெள்ளையனே வெளியேறு’வை நினைத்துக்கொள்ளுங்கள். ‘ரிட்ரென்ச்’ ஆட்குறைப்பு, முதலாளி செய்வது. பெயர் ஒலியில் ரிட்டயருக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆப்ஷனில் சேர்த்துவிடுவார்கள்.

இடையில் ஒன்று. ஏற்கெனவே மத்திய அரசு வேலையில் இருந்துகொண்டு அடுத்த தேர்வு எழுதுபவர்கள், ரிசைனுக்கும் ரிட்டயருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். வெறும் ராஜினாமா கொடுத்தால் முந்தைய சர்வீஸ் கணக்கில் வராமல் போய்விடும். முறைப்படி அனுமதி பெற்று விண்ணப்பித்து, வேறொரு அரசு வேலையில் சேருவதற்காகக் கொடுப்பது ‘டெக்னிக்கல் ரெசிக்னேஷன்’. அதில் சர்வீஸ் காப்பாற்றப்படும். கடிதத்தில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள்.

எப்படிப் படிப்பது? ஐ.பி.பி.எஸ். பி.ஓ. பிரிலிம்ஸில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம். ஒரு வார்த்தையைக் கொடுத்து, கீழே மூன்று வாக்கியம் போட்டு, எதிலெல்லாம் சரியாக வந்திருக்கிறது என்று கேட்கும் கேள்விகள் அந்தத் தேர்வுகளில் உண்டு. அங்கே உட்கார்ந்து அர்த்தம் யோசிக்க நேரம் இருக்காது. நான் முதலில் பார்ப்பது, ரிட்டயர் ஆவது ஆளா, பொருளா என்பதை. ஆள் என்றால் பின்னால் ‘ஃப்ரம்’ இருக்கிறதா, ‘டு’ இருக்கிறதா என்று பார்ப்பேன். ஃப்ரம் என்றால் வேலையோ ஆட்டமோ, டு என்றால் அறையோ படுக்கையோ சொந்த ஊரோ. பொருள் என்றால் பில், கடன், ஜெர்சி, மின் நிலையம். பெரும்பாலான கேள்விக்கு இது போதும்.

நோட்டில் ‘ரிட்டயர், ஓய்வு பெறு’ என்று இரண்டு பத்தியாக எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு வார்த்தைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அதில் முழு வாக்கியங்களாக எழுதுங்கள், முடிந்தவரை நம் ஏரியாவை வைத்து. அகராதியை விட ஆங்கிலச் செய்தித்தாளின் ஸ்போர்ட்ஸ் பக்கமும் பிசினஸ் பக்கமும் இதற்கு உதவும். பேப்பர் வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால் பக்கத்து நூலகத்துக்குப் போங்கள், கொளத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு முதல்வர் படைப்பகம் இருக்கிறது. ஜூரிகள் தீர்ப்பை யோசிக்க ‘ரிட்டயர்’ ஆவது போன்ற அர்த்தங்களுக்காக மெனக்கெட வேண்டாம், அதெல்லாம் வெளிநாட்டு நாவலில் படித்துக்கொள்ளலாம்.

ரிட்டயர் பக்கம் நிரம்பியதும் அடுத்த பக்கத்தை ‘டிஸ்சார்ஜ்’க்குத் திறங்கள். ஆஸ்பத்திரி, ராணுவம், கடன், பேட்டரி, பிறகு நம் துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்கு இறக்குவது. இந்த ஐந்துக்கும் ஆளுக்கொரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.